ஆபரேஷன் நல்லா தான் முடிஞ்சுது, குதிகால் தான் தரையில படல

உயரம் கூட்டுறதுக்காக கால் எலும்ப நீட்டுற ஆபரேஷன் பண்ணி இன்னிக்கு 72ஆவது நாள். ரெண்டு கால்லயும் வெளிய மாட்டுன இரும்பு ரிங் இன்னும் இருக்கு, கழட்ட அடுத்த மாசம் தேதி குடுத்திருக்காங்க. பண்ணலாமா வேண்டாமான்னு கேக்குறவங்களுக்கு என்கிட்ட பதில் இல்ல. பண்றதுன்னு முடிவு பண்ணிட்டவங்களுக்கு தான் இது, ஏன்னா நான் ஆறு மாசம் உக்காந்து படிச்சது எல்லாம் ஆபரேஷன பத்தி, ஆனா நான் கஷ்டப்பட்டது எல்லாம் அதுக்கு அப்புறம் வந்த விஷயத்துல.

என் உயரம் 163 செ.மீ. வயசு 29. முழங்காலுக்கு கீழ இருக்குற எலும்ப வெட்டி, உள்ள ஒரு நெய்ல் (நீளமான கம்பி), வெளிய ரிங்கு போட்டு, வெட்டுன இடத்த கொஞ்சம் கொஞ்சமா விலக்கி நீட்டுற முறை, அந்த இடைவெளில புது எலும்பு வளரும். உள்ளயே மேக்னட்ல நீளுற நெய்ல் இருக்கு, அது விலை நமக்கு கட்டாது. இன்சூரன்ஸ்ல ஒரு பைசா வராது, காஸ்மெட்டிக்னாலே விலக்கு, அதுக்கு அலையாதீங்க. ஆபரேஷன் டெல்லி பக்கம் நடந்துச்சு, நாலு நாள்ல டிஸ்சார்ஜ், குறை சொல்ல ஒண்ணும் இல்ல. அப்புறம் குர்கான்ல ஒரு வாடகை ரூம்ல நானும் அம்மாவும். இந்த ரிங்க கண்டுபிடிச்ச இலிசரோவ் டாக்டர் வேலை பாத்த ஊரு பேரும் கிட்டத்தட்ட இதே தான், குர்கன், ஆனா அது ரஷ்யால சைபீரியா பக்கம் இருக்கு. இத அம்மாகிட்ட சொன்னதுல இருந்து அவங்க பக்கத்து வீட்டம்மாகிட்ட எல்லாம் "இங்க தாங்க கண்டுபிடிச்சாங்களாம்"னு சொல்லிட்டு இருந்தாங்க, நானும் திருத்தல.

முதல் ஏழு நாள் நீட்ட மாட்டாங்க, எட்டாவது நாள்ல இருந்து தான் நட்டு திருப்பணும். ஒரு தடவைக்கு கால் சுத்து, அதாவது 0.25 மில்லிமீட்டர், ஒரு நாளைக்கு நாலு தடவை, மொத்தம் 1 மில்லி. ஒரு கால்ல ரிங்குகள இணைக்கிற ராடு நாலு, ராடுக்கு ஒரு நட்டு, ரெண்டு காலுக்கும் சேத்து எட்டு நட்டு, அப்போ ஒரு நாளைக்கு 32 திருப்பு. திருப்பும்போது வலி அவ்வளவா இல்ல, நைட்டு ரெண்டு மணிக்கு தான் கெண்டக்கால் சதை முறுக்கி பிழியும். ஒரு விஷயம் மட்டும், எந்த பக்கம் திருப்பணும்னு அம்பு போட்டு ஸ்டிக்கர் ஒட்டி குடுப்பாங்க, ரிங்க எலும்போட பிடிச்சிருக்குற பின்னுங்க (கம்பி) தோலுக்குள்ள போற இடத்த சலைன் விட்டு கழுவி கழுவி அது மூணாவது நாளே உரிஞ்சு போச்சு. கால மேல இருந்து பாத்தா ஒரு பக்கம், கீழ இருந்து பாத்தா எதிர் பக்கம், அம்மா கால்மாட்டுல உக்காந்து ஒரு நட்ட எதிர்பக்கமா திருப்பிட்டாங்க, அடுத்த நட்டு இறுகவும் தான் தெரிஞ்சுது. உடனே டாக்டருக்கு போன் போட்டு சரி பண்ணோம். அன்னிக்கு சாயங்காலமே நெயில் பாலிஷ் வாங்கி நட்டு மேலயே அம்பு வரைஞ்சாச்சு. சிவப்பு கலர் வாங்குங்க, மத்த கலரு ராத்திரி லைட்டுல தெரியாது.

இன்னொண்ணு யாரும் சொல்ல மாட்டாங்க, டிரமடால்ங்குற வலி மாத்திரை போட்டா வயிறு கட்டிக்கும். ரத்தம் கட்டாம இருக்க வயித்துல போடுற ஊசி கூட பழகிடுச்சு, ஆனா ஆறு நாள் டாய்லெட் போகாம, ரெண்டு கால்லயும் இரும்போட வெஸ்டர்ன் டாய்லெட்ல உக்காந்து அழுதது தான் அந்த மாசத்தோட உச்சம். முதல் நாள்ல இருந்தே லாக்டுலோஸ் சிரப் கேட்டு வாங்கிக்கோங்க, வெக்கப்படாதீங்க.

21ஆவது நாள் சென்னைக்கு டிக்கெட். வீல்சேர் புக் பண்ணி, முன் வரிசை சீட்டுக்கு தனியா காசு கட்டி, பெரிய வண்டி பிடிச்சு ஏர்போர்ட் போயாச்சு. கவுன்டர்ல இருந்த ஆளு என் கால பாத்தாரு, கம்ப்யூட்டர பாத்தாரு, "ஃபிட் டு ஃப்ளை சர்ட்டிஃபிகேட்?"னு கேட்டாரு. டிஸ்சார்ஜ் சம்மரிய நீட்டுனேன். இது செல்லாது, பயணம் பண்ணலாம்னு டாக்டர் தனியா எழுதி கையெழுத்து போட்டு சீல் வெச்சிருக்கணும்னுட்டாரு. டாக்டருக்கு போன் போட்டா ஆபரேஷன் தியேட்டர்ல இருக்காரு. வாட்ஸப்ல வாங்கி காட்டுறேன்னா அதுக்கும் ஒத்துக்கல. புக் பண்ணும்போது ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமேன்னு கேட்டா "வெப்சைட்ல இருக்கு சார்"ங்குறாரு. அவர் மேல கோபம் வந்துச்சு, ஆனா அந்த பேப்பர் இல்லாம விடக்கூடாதுங்குறது சரி தான்னு இப்போ புரியுது, மூணு மணி நேரம் கால தொங்க போட்டு உக்காந்தா ரத்தம் கட்டுற ஆபத்து நிஜம். டிக்கெட் காசு போச்சு, வண்டி காசு ரெண்டு தடவை போச்சு. 24ஆவது நாள் சர்ட்டிஃபிகேட்டோட திரும்ப வந்து ஜம்முனு செக்கின் முடிச்சா, செக்யூரிட்டில கைப்பைல இருந்த 10 நம்பர் ஸ்பேனர எடுத்துட்டாங்க. இத வெச்சு தான் கால நீட்டணும்னு இந்தில எப்படி சொல்றது? ஸ்பேனர லக்கேஜ்ல போடுங்க. எனக்கு போரூர் ஹார்டுவேர் கடையில வேற கிடைச்சுது, நைட்டு திருப்ப வேண்டியது ரெண்டு மணி நேரம் லேட்.

வீடு ரெண்டாவது மாடி, லிஃப்ட் இல்ல. மச்சானும் கீழ் வீட்டு பையனும் பிளாஸ்டிக் சேர்ல உக்கார வெச்சு தூக்குனாங்க.

இப்போ தான் மெயின் மேட்டர். சொந்தக்காரங்க கிட்ட பைக் ஆக்சிடென்ட்னு சொல்லி வெச்சிருந்தோம். உயரத்துக்காக கால உடைச்சுக்கிட்டான்னு தெரிஞ்சா எங்க பெரியப்பா வீட்டுல என்ன பேசுவாங்கன்னு உங்களுக்கே தெரியும். அந்த பொய்ய அப்படியே பிசியோ சென்டர்லயும் சொல்லிட்டேன். வீட்டுக்கு பக்கத்துல இருக்குற சென்டர், மாசப் பணம் முன்னாடியே கட்டியாச்சு. "ஆக்சிடென்டா தம்பி, பயப்படாதீங்க, சரி பண்ணிடலாம்"னாரு அங்க இருந்த பிசியோ. முதல் நாளே சதைக்குள்ள சூடு வைக்கிற டயாதெர்மி மெஷின உருட்டிட்டு வந்தாரு. உள்ள இரும்பு இருக்குற கால்ல அந்த சூடு வைக்கவே கூடாது, வெளிய ரிங்கு கண்ணுக்கு முன்னாடி நிக்குது! நான் சொன்ன அப்புறம் நிறுத்துனாரு. அதுக்கு அப்புறம் தினம் தொடைக்கு கரண்ட் மெஷின் இருபது நிமிஷம், முழங்கால் மடக்கி நீட்ட பத்து நிமிஷம், "எலும்பு கூடுற வரைக்கும் கணுக்கால ரொம்ப அசைக்க வேணாம்"னு அனுப்பிடுவாரு. எலும்பு முறிவுக்கு அது சரியா இருக்கலாம். எனக்கு தான் எலும்பு தினம் ஒரு மில்லி விலகிட்டு இருக்கே. கெண்டக்கால் சதையும் அத குதிகாலோட இணைக்கிற தசைநாரும் அந்த வேகத்துக்கு வளராது, அதனால பாதத்த கீழ பாத்து இழுத்துக்கும், டான்ஸ் ஆடுற பொண்ணு நுனிக்கால்ல நிக்குற மாதிரி. அதுக்கு தினம் மணிக்கணக்கா இழுத்து விடணும். இது அவருக்கு தெரியாது, தெரிய நான் விடல. பன்னெண்டு நாள் போச்சு.

நடுவுல எக்ஸ்ரே கூத்து வேற. வாராவாரம் எடுத்து டெல்லிக்கு அனுப்பணும். ஸ்கேன் சென்டர்ல முழங்கால்ல இருந்து பாதி கால் வரைக்கும் எடுத்து குடுத்துட்டாங்க, கணுக்காலே இல்ல, இடைவெளி இருக்குற இடத்துல ராடு நிழல் விழுந்து மறைச்சிருக்கு. டாக்டர் "ஒண்ணும் தெரியல, ரிபீட்"னு ஒரே வரி மெசேஜ். திரும்ப ரெண்டு மாடி, திரும்ப பிளாஸ்டிக் சேர், மச்சான் மூஞ்சிய பாக்கவே முடியல. போன எக்ஸ்ரேவ போன்ல வெச்சு எடுக்குறவருகிட்ட காட்டி "இதே மாதிரி, இதே ஆங்கிள்ல"னு சொல்லுங்க, அப்புறம் எனக்கு தப்பே வரல.

அந்த ரெண்டாவது எக்ஸ்ரேவ பாத்துட்டு தான் டாக்டர் வீடியோ கால்ல வந்து பாதத்த மேல தூக்க சொன்னாரு. தூக்குறேன், வரல. 90 டிகிரில நிக்க வேண்டியது, 20 டிகிரி கீழ போயிருக்கு. டெல்லில இருந்து கிளம்பும்போது வெறும் 5. ஒழுங்கான பிசியோ உடனே பிடி, இல்லன்னா நீட்டுறத நிறுத்துன்னுட்டாரு.

மச்சானோட ஃப்ரெண்டு மூலமா ஒரு மேடம் கிடைச்சாங்க, கவர்மென்ட் ஆஸ்பத்திரில வருஷக்கணக்கா ரிங்கு போட்ட பேஷன்ட்டுங்கள பாத்தவங்க. எலும்புல சீழ் வெச்சு துண்டு எடுத்தவங்க, பிறவிலயே கால் குட்டையானவங்கன்னு. வீட்டுக்கே வந்தாங்க. அவங்ககிட்டயும் ஆக்சிடென்ட்னேன். எக்ஸ்ரேவ ஜன்னல் வெளிச்சத்துல தூக்கி பிடிச்சு பாத்துட்டு திரும்புனாங்க. "ரெண்டு கால்லயும் ஒரே இடத்துல, ஸ்கேல் வெச்ச மாதிரி உடையுற ஆக்சிடென்ட நான் இதுவரைக்கும் பாத்ததில்ல தம்பி." அம்மா சமையல்கட்டுக்குள்ள போயிட்டாங்க. நான் எல்லாத்தையும் சொன்னேன். அவங்க திட்டவும் இல்ல, அட்வைஸும் இல்ல, "எத்தனை மில்லி ஆச்சு, கால் கட்டை விரல் மேல வருதா"னு மட்டும் கேட்டாங்க. கட்டை விரல தினம் காலைல தூக்கி பாருங்க, தூக்க முடியலன்னாலோ பாதத்து மேல மரத்து போச்சுன்னாலோ நரம்பு இழுபடுதுன்னு அர்த்தம், நட்ட தொடாம டாக்டர கூப்பிடுங்க. எனக்கு விரல் வந்துச்சு, தப்பிச்சேன்.

அவங்க ஒரு மெஷினும் கொண்டு வரல. கேட்டது பழைய சைக்கிள் ட்யூப், ஒரு ஜோடி பழைய செருப்பு, அப்பாவோட ஈரிழைத் துண்டு. செருப்போட முன்பக்கத்துல ரெண்டு ஓட்டை போட்டு, ட்யூப நீளவாக்குல கிழிச்சு கோத்து, மேல் ரிங்குல இழுத்து கட்டிட்டாங்க. ராத்திரி பூரா பாதம் மேல பாத்து நிக்கும். தூங்கும்போது தான் கால் தன்னால கீழ போயிடுமாம், பகல்ல சம்பாதிச்சத ராத்திரி தொலைக்கிறதுன்னாங்க. முதல் நைட்டு அரை மணி நேரத்துல அவுத்துட்டேன், நாலாவது நைட்டு விடிய வரைக்கும் தாங்குனேன். பகல்ல துண்டு போட்டு இழுக்குறது, முழங்கால் நேரா வெச்சு, வலிக்கு பல்ல கடிச்சுட்டு, எல்லாம் சேத்து மூணு மணி நேரத்துக்கு குறையாம. அப்புறம் அம்மா பாசமா முழங்காலுக்கு கீழ வெச்சிருந்த தலகாணிய உருவி எறிஞ்சாங்க. அங்க வெச்சா சுகமா தான் இருக்கும், ஆனா முழங்காலும் மடங்குன வாக்குலயே இறுகிடும். குதிகாலுக்கு கீழ வைங்க, முழங்கால் அந்தரத்துல நேரா இறங்கட்டும்.

டாக்டர்கிட்டயும் அவங்களே பேசி வேகத்த ஒரு நாளைக்கு 0.75 மில்லியா குறைக்க வெச்சாங்க, ஒரு வேளை திருப்பு கட். நான் பிளான் பண்ணது 5 செ.மீ., 55ஆவது நாள் 4.4 கிட்ட நிறுத்திட்டோம். அந்த ஆறு மில்லிக்கு ஒரு நாள் பூரா மூஞ்ச தூக்கி வெச்சுட்டு இருந்தேன், அம்மா "கண்ணாடி முன்னாடி நின்னா அது தெரியுமாடா?"னு கேட்டாங்க. தெரியாது தான்.

மறக்குறதுக்கு முன்னாடி, 43ஆவது நாள் இடது கால் முன்பக்க பின் ஒண்ணு சிவந்து, மஞ்சளா வடிஞ்சு, நாத்தம். பக்கத்து கிளினிக்ல ஆன்டிபயாட்டிக் கூட டைக்லோஃபினாக்கும் எழுதிட்டாங்க. அந்த வகை வலி மாத்திரை புது எலும்பு வளர்றத தாமதப்படுத்தலாம்னு டெல்லில முதல் நாளே வேணாம்னு சொல்லிருந்தாங்க, மருந்து கடை பில்ல பாத்து தான் கண்டுபிடிச்சு திருப்பி குடுத்தேன். எந்த டாக்டர்கிட்ட போனாலும் வாய தொறந்து உண்மைய சொல்லுங்க. அம்மா அரைச்சு வெச்சிருந்த மஞ்சளையும் நல்லவேளை தடுத்துட்டேன். பேன்ட்டுக்கு, டெய்லர்கிட்ட சைடு தையல பிரிச்சு வெல்க்ரோ வெச்சு தர சொல்லுங்க, 3 பேன்ட் போதும்.

மேடம் ஒவ்வொரு திங்களும் வாக்கர பிடிச்சு நிக்க வெச்சு, குதிகாலுக்கு கீழ ஒரு தினத்தந்தி தாள மடிச்சு சொருகி இழுத்து பாப்பாங்க. முதல் வாரம் தாள் என்ன, முழு பேப்பரே தாராளமா போய் வந்துச்சு. அப்புறம் பாதி பேப்பர், அப்புறம் ஒரே ஒரு தாள். நேத்து வலது காலுக்கு கீழ இழுத்தாங்க, வரல, இன்னும் கொஞ்சம் இழுத்தாங்க, சர்ருனு கிழிஞ்சு பாதி தாள் கால் கீழயே நின்னுடுச்சு. அம்மா அந்த துண்ட எடுத்து சாமி ரூம்ல வெச்சிருக்காங்க, சினிமா விளம்பரம் இருக்குற பக்கம் அது. இடது காலுக்கு கீழ இன்னும் உருவிட்டு தான் வருது.