பின்பாரம்

கேரவன் வாங்கியிருக்கிறேன் என்று சொன்னதும் நண்பன் ஒருவன், "எந்தப் படத்துல நடிக்கிற?" என்று கேட்டான். நம் ஆட்களுக்குக் கேரவன் என்றால் நடிகர்கள் ஏசி போட்டு உட்காரும் வண்டிதான். இது அந்த ரகம் இல்லை. இன்ஜின் கிடையாது, ஸ்டீயரிங் கிடையாது. ஒரே அச்சு, இரண்டு சக்கரம், மேலே ஒரு சின்ன வீடு. காருக்குப் பின்னால் மாட்டி நாம்தான் இழுத்துக்கொண்டு போக வேண்டும். இழுக்கப் போவது என்னுடைய எஸ்டேட் கார் என்றதும், "ஓ, எஸ்டேட் வேற வாங்கிட்டியா?" என்றான். அவனிடம் மேற்கொண்டு விளக்கவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். கூரை டிக்கிக்கு மேலேயும் நீண்டு வரும் நீளமான கார் அது. ஸ்டேஷன் வேகன் என்றும் சொல்வார்கள்.

வீட்டில் என் முடிவை ஆதரித்தவர் யாரும் இல்லை. "இதுக்கெல்லாம் ஜீப் மாதிரி உசரமா ஒரு வண்டி வேணும் அத்தான்" என்றான் மச்சான். மச்சான் எல்லாம் தெரிந்தவன். உசரம் எதற்கு? இழுக்கிற வண்டி தாழ்வாகவும் கனமாகவும் நீளமாகவும் இருந்தால் பின்னால் வருவது இழுத்த இழுப்புக்கு ஆடாமல் நிற்கும். நான் முதலில் பார்த்தது எடையைத்தான். காரின் சொந்த எடை 1,800 கிலோ. சாமான் ஏற்றிய கேரவனின் எடை அதில் 85 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது, அதிலும் புதிதாக ஓட்டுகிறவருக்கு, என்று அனுபவஸ்தர்கள் சொல்வார்கள். அந்தக் கணக்குப்படி 1,530 வரை போகலாம். என்னுடையது சாமானோடு 1,350. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி மச்சானிடம் நீட்டினேன். அவன் அதை மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசையின் காலுக்கு அடியில் வைத்தான்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு டயர் பார்த்தேன். பள்ளமெல்லாம் புதுசு போலவே இருந்தது. கேரவன் டயர் அப்படித்தான் ஏமாற்றும். அது ஓடித் தேய்வதில்லை, நின்றே கிழடாகிவிடும். டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் பிறந்தது. டார்ச் அடித்து, முட்டி போட்டு, எச்சில் தொட்டுத் துடைத்துப் படித்தால் என் டயருக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வயது எப்போதோ தாண்டியிருந்தது. ஐந்து வருடம் ஆனாலே மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும், ஏழைத் தாண்டவே கூடாது என்பார்கள். இரண்டையும் மாற்றினேன். "நல்லாத்தானே இருந்துச்சு" என்று என் மனைவி பழைய டயர்களைப் பார்த்துக் கண் கலங்காத குறை.

அன்று மாலை நான் ஒரு தப்பு செய்தேன். இதை மச்சான் தலையில் போட முடியாது. காரின் பின்னால் கொக்கி மாட்டும் இடத்தில் 50 மில்லிமீட்டர் இரும்பு உருண்டை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். கேரவனின் மூக்கு அதன் மேல் கவிழ்ந்து உட்காரும். இரும்பும் இரும்பும் உரசும் இடமாயிற்றே என்று உருண்டைக்குத் தாராளமாகக் கிரீஸ் பூசிவிட்டேன். ராத்திரி படுக்கையில் கையேட்டைப் புரட்டினால் கட்டம் போட்டு எழுதியிருக்கிறது: உருண்டை சுத்தமாக, எண்ணெய்ப் பசையே இல்லாமல் இருக்க வேண்டுமாம். சாதாரணக் கொக்கி என்றால் கிரீஸ் போடலாம். என்னுடையதில் ஆட்டத்தைக் குறைக்க உராய்வுக் கட்டைகள் வைத்திருக்கிறார்கள். அவை உருண்டையை இறுக்கிப் பிடித்தால்தான் பலன். கிரீஸ் போட்டால் பிரேக் கட்டைக்கு எண்ணெய் விட்ட கதைதான். நள்ளிரவில் பெயின்ட் தின்னரும் பழைய பனியனுமாக உருண்டையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு ஜன்னலில் விளக்கு எரிந்து, அணைந்தது.

மறுநாள் மூக்குப் பாரம் பார்க்கும் வேலை. கேரவனின் மூக்கு அந்த உருண்டையை எவ்வளவு கனமாக அழுத்துகிறது என்பதுதான் மூக்குப் பாரம். கேரவனின் மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் இருந்தால் உத்தமம். 1,350 கிலோவுக்குக் கிட்டத்தட்ட 67-லிருந்து 94 வரை வருகிறது. ஆனால் காருக்கும் ஒரு வரம்பு உண்டு, கொக்கிக்கும் ஒன்று உண்டு. இருப்பதிலேயே எது குறைவோ அதற்குத்தான் அடங்க வேண்டும். என் காரின் வரம்பு 90.

அளக்க நாம் உடல் எடை பார்க்கும் கருவியே போதும். முள் ஆடுகிற பழைய வகை எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருந்தது. நான் அதன் மேல் ஏறி இரண்டு வருடமாகிறது. கேரவன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சமதரையில் மட்டமாக நிறுத்தி, மூக்குக்கும் எடைக் கருவிக்கும் நடுவே ஒரு மரக்கட்டையைச் செங்குத்தாக வைத்து, முன்பக்கத்துச் சின்னச் சக்கரத்தைக் கைப்பிடியால் சுற்றிச் சுற்றி மேலே தூக்கினேன். முள் நகர்ந்து நகர்ந்து 80-ல் நின்றது. மனைவி வந்து எட்டிப் பார்த்து, "உங்களைவிடக் கொறைவுதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கனமானவை எல்லாம் அச்சுக்கு மேலே, தரையோடு தரையாக. லேசானவை மேல் அலமாரியில். கடைசி மூலையில் எதுவுமே கிடையாது. சாமான்களை அப்படி அடுக்கி வைத்துத்தான் அந்த 80-ஐ அளந்தேன், அப்புறம்தான் தூங்கப் போனேன்.

காலையில், நிற்கும்போது கேரவனை ஆடாமல் தாங்கும் மூலைக் கால்களைத் தூக்கினேன், முன் சக்கரத்தை மடக்கினேன், மின் பிளக்கைச் சொருகினேன். மெல்லிய இரும்புக் கயிறு ஒன்றையும் காரில் மாட்டினேன். அது முக்கியம். போகிற வழியில் கேரவன் கழன்று தனிக்குடித்தனம் போக முடிவெடுத்தால், அந்தக் கயிறு கேரவனின் கைப்பிரேக்கை இழுத்துவிட்ட பிறகுதான் அறும். கண்ணாடிகளுக்கு வெளியே இன்னும் இரண்டு கண்ணாடி நீட்டினேன். கேரவன் காரைவிட அகலம் என்பதால் காரின் சொந்தக் கண்ணாடியில் வெள்ளைச் சுவர் மட்டும்தான் தெரியும். மனைவி முன்னால், மச்சானும் என் மகளும் பின்னால், நடுவில் மாமனார். அவர் எதுவும் பேச மாட்டார். எங்கே போகிறோம் என்றுகூடக் கேட்கவில்லை.

முதல் 50 கிலோமீட்டர் சொர்க்கம். நிறுத்திச் சக்கர நட்டுகளை மறுபடி முடுக்கிப் பார்த்தேன், சரியாக இருந்தன. மச்சான்கூட, "பரவால்ல அத்தான்" என்றான். அதை நான் ரசித்துக்கொண்டிருந்தபோதுதான் சரிவு வந்தது.

நீளமான இறக்கம். வேகம் 80. ஒரு பெரிய லாரி எங்களைத் தாண்டியது. பெரிய வண்டி தாண்டும்போது அது தள்ளிக்கொண்டு வரும் காற்று முதலில் கேரவனை ஓரத்துக்குத் தள்ளும், அப்புறம் தன் பக்கம் இழுக்கும். தள்ளியது, இழுத்தது, லாரி போய்விட்டது. ஆட்டம் போகவில்லை. இடதுபக்கக் கண்ணாடியில் கேரவனின் ஜன்னல் முழுசாகத் தெரிந்தது. அப்புறம் காணோம். இப்போது வலதுபக்கக் கண்ணாடியில் தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாக.

"என்னங்க, வீடு ஆடுது" என்றாள் மனைவி.

"பிரேக்கைப் புடிங்க அத்தான்!" என்று கத்தினான் மச்சான். அடுத்த நொடியே, "இல்ல இல்ல, ஆக்சிலேட்டர அழுத்துங்க, இழுத்து நேராக்கிடலாம்!" என்றான்.

இரண்டுமே செய்யக் கூடாது. பிரேக்கை ஓங்கி மிதித்தால் பின்னால் வருவது நம்மை முந்தப் பார்க்கும், காரையும் கேரவனையும் கத்தி மாதிரி மடக்கிவிடும். வேகம் கூடினால் ஆட்டமும் கூடும். அது வலதுபக்கம் போகிறதே என்று ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பிச் சமாளிக்கப் பார்த்தால், நம் கை எப்போதும் ஒரு தாளம் பின்தங்கித்தான் போகும், ஊஞ்சலைத் தள்ளிவிட்டது போலாகிவிடும். காலை மட்டும் எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். இதை நான் பத்துத் தடவை படித்திருந்தேன். ஆனால் பின்னால் ஒரு வீடு வாலாட்டும்போது சும்மா இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. 75. 70. கண்ணாடியில் ஜன்னல், அப்புறம் பாதி ஜன்னல், அப்புறம் விளிம்பு. 60-க்குக் கீழே வந்ததும், ஒன்றுமே நடக்காதது போல நேராக வந்துகொண்டிருந்தது.

வண்டிகள் நிறுத்தும் அகலமான இடம் ஒன்று வந்தது. நிறுத்தி இறங்கினேன். கால் எனக்குச் சொந்தமானதாகத் தெரியவில்லை. டயரைத் தொட்டுப் பார்த்தேன், கொக்கியை ஆட்டிப் பார்த்தேன், எல்லாம் சரி. காரையும் கேரவனையும் பக்கவாட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மாமனார், கேரவனின் கடைசி மூலையைக் கையால் தட்டினார்.

"பின்பாரம் ஆயிருச்சு மாப்ள."

அன்று காலை முதல் அவர் பேசிய முதல் வார்த்தை அது. சின்ன வயதில் மாட்டுவண்டி ஓட்டியவர். பின்பாரம் கூடினால் மாட்டின் கழுத்தை விட்டு நுகத்தடி மேலே எழும்பும், அப்புறம் வண்டி மாட்டின் பேச்சைக் கேட்காது. நான் ஒரு வாரம் படித்துக் கணக்குப் போட்டதை அவர் ஒரே வார்த்தையில் வைத்திருந்தார்.

கட்டையும் எடைக் கருவியும் டிக்கியிலேயே இருந்தன. கழற்றி அளந்தேன். முள் 18-ல் நின்றது. ராத்திரி 80 இருந்த மூக்குப் பாரம் காலையில் எங்கே போயிற்று?

கடைசி மூலைக் கட்டிலைத் தூக்கினேன். இருபது லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு, நிறைய நிறைய. ஒரு லிட்டர் ஒரு கிலோ, ஆகவே நாற்பது கிலோ. அச்சுக்கு மேல் நான் வைத்த கூடார மூட்டை, இருபத்தைந்து கிலோ, இங்கே வந்து உட்கார்ந்திருந்தது. எல்லாவற்றுக்கும் கீழே, துண்டில் அழகாகச் சுற்றி, பத்துக் கிலோ டம்பெல் இரண்டு.

"நடுவுல கால் நீட்ட எடமில்ல அத்தான், அதான் கூடாரத்தப் பின்னாடி தள்ளினேன்" என்றான் மச்சான். "போற எடத்துல தண்ணி எப்படியோ."

"டம்பெல்?"

"உடம்பப் பாத்துக்க வேண்டாமா?"

மொத்தம் 85 கிலோ. சீசா பலகையின் கடைசி நுனியில் ஏறி உட்கார்ந்தது போல, மூக்கிலிருந்து அறுபது கிலோவுக்கு மேல் கழித்துவிட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை. மாமனார் அவனைப் பார்த்தார். அது போதுமானதாக இருந்தது. தண்ணீரைக் கொட்டினோம். போகிற இடத்திலும் குழாய் இருக்கும். கூடாரம் அச்சுக்கு மேல் திரும்பியது. டம்பெல்லையும் நானே அங்கே நகர்த்தினேன். மறுபடி அளந்தேன்: 79. அதற்கப்புறம் இரண்டு லாரிகள் தாண்டின. லேசாக ஒரு சிலிர்ப்பு, அவ்வளவுதான்.

போய்ச் சேர்ந்ததும் பின்னோக்கி நிறுத்தும் படலம். அதற்கென்றே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் எல்லா முகாமிலும் உண்டு. கேரவன் இடது பக்கம் போக ஸ்டீயரிங்கை வலது பக்கம் திருப்ப வேண்டும். மூளை ஒத்துக்கொள்ளாது. ஒரு குறுக்கு வழி உண்டு. ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டால், கை எந்தப் பக்கம் போகிறதோ கேரவனின் பின்புறமும் அந்தப் பக்கம் போகும். 1885-இல் பிரிட்டனில் ஓய்வுபெற்ற கடற்படை மருத்துவர் ஒருவர் 'வாண்டரர்' என்று ஒரு கேரவன் கட்டி ஊர் சுற்றினார். இரண்டு குதிரைகள் இழுத்தன. எதிரே வருகிறவர்களை எச்சரிக்க ஓர் ஆள் மூன்று சக்கர சைக்கிளில் முன்னால் போவானாம். எனக்கு மச்சான் பின்னால் நின்று, "வாங்க, வாங்க, வாங்க" என்றான். அவன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்று எந்தக் கண்ணாடியிலும் தெரியவில்லை. நாலாவது முயற்சியில் மாமனார் வந்து என் ஜன்னல் ஓரம் நின்று, ஹோய் என்று மாட்டைத் திருப்புகிற மாதிரி கையை மட்டும் காட்டினார். அதைப் பார்த்துப் பார்த்துத் திருப்பினேன். உள்ளே போய்விட்டது. நாற்காலிக்காரர்கள் எழுந்து போனார்கள், முகத்தில் ஏமாற்றம்.

மூன்று நாள் இருந்தோம். திரும்பும்போது எடையெல்லாம் அளந்து அடுக்கிவிட்டு, மச்சானைப் பார்த்தேன். அவன் எதுவும் பேசாமல் கேரவனுக்குள் போய், இரண்டு டம்பெல்லையும் தூக்கிக்கொண்டு வந்து, காரின் பின்சீட்டில் தன் காலடியில் வைத்துக்கொண்டான். வீடு வரும்வரை முழங்கால் மோவாயைத் தொட உட்கார்ந்து வந்தான். அந்தப் பயணத்தில் அவன் டம்பெல் தூக்கியது அந்த ஒரு தடவைதான்.