211 பிரதியும் ஒரு வியாழக்கிழமையும்

2025 பெப்ரவரி 3, திங்கள்

கட்டிலுக்குக் கீழே இருந்த பெட்டிகளை இழுத்து எண்ணினேன். என் சிறுகதைத் தொகுப்பு, 300 பிரதி அடித்ததில் 211 மிச்சம். வெளியீட்டு விழாவில் போனது 74. பேச்சாளர்களுக்கும் நூலகத்துக்கும் சும்மா கொடுத்தது 15.

விழாவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மங்கல விளக்கு, வரவேற்புரை, வெளியீட்டுரை, இரண்டு நயவுரை, ஒரு ஆய்வுரை, என் ஏற்புரை, வடையும் பிளேன்ரீயும். முதற்பிரதி வாங்கிய முதலாளி தந்த என்வலப்பில் அச்சகக் கடன் கால்வாசி தீர்ந்தது. நயவுரை சொன்னவர்களில் ஒருவர் அட்டைப்படத்தைப் பற்றியே பதினைந்து நிமிடம் கதைத்தார். மற்றவர் தபால் கந்தோரில் நான் இருந்த முப்பது வருடத்தைப் புகழ்ந்தார். ஆய்வுரைக்காரர் முன்னுரையிலிருந்து இரண்டு பந்தி வாசித்துவிட்டு இருந்துவிட்டார். பன்னிரண்டு கதைகளில் ஒன்றின் பெயர்கூட மேடையில் வரவில்லை. வெளியே வந்தால் மழை. ஒருவர் என் புத்தகத்தைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு ஓட்டோவுக்கு ஓடினார். சரி, அந்தளவுக்காவது உதவியது.

இரவு மனுசி கேட்டாள்: "இஞ்சருங்கோ, ஆராவது வாசிச்சவையோ?"

பெப்ரவரி 6, வியாழன்

பக்கத்து வீட்டுத் தம்பி கம்ப்யூட்டர் படித்தவன். "மாமா, இப்ப புத்தகத்தை வாசிச்சு இணையத்தில எழுதிற ஆக்கள் இருக்கினம். அவைக்கு அனுப்புங்கோ" என்றான். அமேசன் கிண்டிலில் 2016 கடைசியிலிருந்தே தமிழ் மின்னூல் போடலாமாம். போடுவோம் என்று முடிவெடுத்தோம்.

லண்டன் மச்சாளிடம் சொன்னதும் "நான் அஞ்சு நட்சத்திரம் குத்திவிடுறன்" என்றாள். தம்பி அமேசனின் விதிகளைக் காட்டினான். உறவினரும் நெருங்கிய நண்பரும் மதிப்புரை எழுதக்கூடாது. காசு கொடுத்து எழுதுவிக்கக்கூடாது. இலவசப் பிரதி கொடுக்கலாம், ஆனால் அதற்குப் பதிலாக எழுதியே ஆகவேண்டும் என்று கேட்கக்கூடாது. எழுதுகிறவர் கடந்த 12 மாதத்தில் அந்தத் தளத்தில் 50 டொலருக்காவது வாங்கியிருக்கவும் வேண்டும். திருகோணமலையில் எனக்குத் தெரிந்தவர்களில் அப்படி ஒருவரும் இல்லை. மச்சாளுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கோபம்.

வாசகர்கள் புத்தகங்களுக்கு நட்சத்திரம் போடும் குட்ரீட்ஸ் தளத்தில் அந்தச் செலவுக் கணக்கு இல்லை. ஆனால் என் புத்தகத்தின் 978-624 என்று தொடங்கும் ISBN இலக்கத்தைப் போட்டுத் தேடினால் ஒன்றும் வரவில்லை. புத்தகத்தை யாராவது முதலில் அங்கே ஏற்ற வேண்டுமாம். பின்னட்டையில் இலக்கம் இருந்தால் உலகமே கண்டுகொள்ளும் என்று நினைத்திருந்தேன்.

பெப்ரவரி 9, ஞாயிறு

இணையத்தில் மதிப்புரை எழுதுகிற 14 பேருக்கு ஒரே கடிதம். தலைப்பில் பெயரை மட்டும் மாற்றி மாற்றி அனுப்பினேன். ஆறாவது ஆளுக்கு ஐந்தாவது ஆளின் பெயரோடு போய்விட்டது. சேவையில் இருந்த காலத்தில் விலாசம் மாறிப் போட்ட கடிதம் ஒன்றுகூட என் கையால் போனதில்லை என்று பெருமை பேசுகிறவன் நான்.

பெப்ரவரி 10, திங்கள்

ஆறாவது ஆள் பதில் போட்டார்: "நான் அவர் இல்லை. கவிதை மட்டும்தான் வாசிப்பேன்."

அவருடைய பக்கத்தில் அது முதல் வரியிலேயே இருக்கிறது. நான்தான் பார்க்கவில்லை. மற்றவர்களுடையதையும் இன்றுதான் ஆறுதலாக வாசித்தேன். ஒருவருக்கு அச்சுப் பிரதிதான் வேண்டும். இன்னொருவர் ஆறு மாதம் ஆகும், நடுவில் நினைவூட்ட வேண்டாம் என்று போட்டிருக்கிறார். மதுரையில் ஒரு பெண் ஈழத்துக் கதைகள் நிறைய வாசிக்கிறார், பிடிக்காததை ஏன் பிடிக்கவில்லை என்று பக்க எண்ணோடு எழுதுகிறார். அவருக்கு மட்டும் புதிதாக எட்டு வரி எழுதினேன்: எத்தனை பக்கம், கதைகள் எந்த ஊரில் நடக்கின்றன, அவர் எழுதியதில் எதை வாசித்துவிட்டு இதை அனுப்புகிறேன்.

பெப்ரவரி 15, சனி

மதுரையிலிருந்து பதில்: "ஐயா, கோப்பு திறக்கிறது, ஆனால் தமிழ் இல்லை."

அச்சகத்தில் தந்ததை அப்படியே அனுப்பியிருந்தேன். அது பாமினி எழுத்துருவில் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பாதிப் புத்தகங்கள் இன்னும் அதில்தான் கோர்க்கப்படுகின்றன. அந்த எழுத்துரு இல்லாத போனில் 'அம்மா' என்பது நாலு ஆங்கில எழுத்தும் நடுவில் ஒரு அரைப்புள்ளியுமாகத் தெரியும். பன்னிரண்டு கதையும் அந்தப் பெண்ணுக்கு அப்படித்தான் போயிருக்கிறது.

தம்பி யுனிகோடுக்கு மாற்றித் தந்தான். கதைக்குள் வரும் ஆங்கிலப் பெயர்களும் அதோடு சேர்ந்து தமிழாகிக் கண்டபடி குழம்பிவிட்டன. இரண்டு பேரும் இருந்து நாலு நாளாவது பார்க்க வேண்டும்.

பெப்ரவரி 27, வியாழன்

ஆங்கிலத்தில் நீண்ட மின்னஞ்சல். ஏதோ வாசகர் வட்டமாம். என் புத்தகம் அவர்களை உலுக்கிவிட்டதாம், என் கதாநாயகனின் காதல் மறக்க முடியாததாம். என் புத்தகத்தில் கதாநாயகன் என்று ஒருவனும் கிடையாது. கடைசிப் பந்தியில் விசயம் வந்தது: 40 மதிப்புரைக்கு இவ்வளவு டொலர்.

நயவுரைக்காரர்கள் என்வலப்பாவது கேட்கவில்லை.

மார்ச் 8, சனி

ஒரு செய்தியும் இல்லை. கோட்டைப் பக்கம் நடந்தபோது மதில் ஓரமாக ஒரு புள்ளிமான் கடதாசி மென்றுகொண்டு நின்றது. கிட்டப் போய்ப் பார்த்தால் எங்கள் விழா நோட்டீஸ். என் பெயரில் முதல் எழுத்து மட்டும் மிச்சம்.

மார்ச் 23, ஞாயிறு

மதுரைத் தங்கச்சி எழுதிவிட்டார். மூன்று நட்சத்திரம். ஐந்துக்கு மூன்று என்றால் பள்ளிக்கூடக் கணக்கில் 60 புள்ளிதானே என்று மனம் சுருங்கியது. தம்பி அந்த நட்சத்திரத்தின் மேல் சுட்டியை வைத்துக் காட்டினான்: குட்ரீட்ஸில் மூன்றுக்கு அர்த்தம் 'பிடித்திருந்தது'. இரண்டுக்கே 'பரவாயில்லை'தானாம்.

ஐந்து தரம் வாசித்துவிட்டேன். தபால்காரன் கதையில், செத்தவருக்கு வந்த கடிதத்தை அவன் சைக்கிள் பையிலேயே வைத்திருக்கும் இடத்தை அவர் நின்று வாசித்திருக்கிறார். படகுக் கதை பிடிக்கவில்லை: "கணவன் மூன்று நாள் வராததற்கே இவ்வளவு அழுகையா?" எனக்கு விளங்கவில்லை. மூன்று நாள் என்று நான் எழுதவேயில்லையே.

அப்புறம் 47ஆம் பக்கம். குண்டு விழும் காலையில் அந்தோனியம்மா வெள்ளைச் சேலை உடுத்து உயிர்த்த ஞாயிறு பூசைக்குப் புறப்படுகிறாள். அவர் எழுதியிருப்பது: "1942இல் உயிர்த்த ஞாயிறு ஏப்ரல் 5. அன்று ஜப்பான் விமானங்கள் தாக்கியது கொழும்பை. திருகோணமலையில் குண்டு விழுந்தது ஏப்ரல் 9. அதே நாள்தான் மட்டக்களப்புக் கடலில் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸும் மூழ்கியது."

நான் இந்த ஊரில் பிறந்தவன். சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸில் போய் வந்தவன். மேடையில் இருந்த அத்தனை பேரும் இந்த ஊர்க்காரர்.

மார்ச் 24, திங்கள்

போன் கலண்டரைப் பெருவிரலால் பின்னால் தள்ளித் தள்ளி 1942க்குப் போனேன். விரல் நோகிறது. ஏப்ரல் 9, வியாழன்.

அம்மம்மா என்ன சொன்னா என்று படுத்துக்கொண்டு யோசித்தேன். தம்பலகாமத்துக்கு வண்டில் கட்டி ஓடிய கதையை அவ எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறா. ஒவ்வொரு தரமும் ஒரே சொல்தான்: "உயிர்த்த ஞாயிறு கிழமை." எங்களுக்குக் கிழமை என்றால் ஏழு நாள். அந்த வாரத்தைத்தான் சொல்லியிருக்கிறா. அந்தக் கொழும்புக் குண்டுவீச்சை ஈஸ்டர் ஞாயிறு தாக்குதல் என்று எங்கோ வாசித்தது மண்டைக்குள் கிடக்க, நான் அவவின் 'கிழமை'யை வெட்டிவிட்டு ஞாயிறை மட்டும் எடுத்து எழுதியிருக்கிறேன்.

இதையெல்லாம் மதுரைக்கு எழுதினேன். மதிப்புரைக்கு ஆசிரியர் பதில் எழுதக்கூடாது என்பார்கள். நான் வாதாடவில்லையே, பிழையை ஒத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 5, சனி

மின்னூலில் திருத்துவது பத்து நிமிட வேலை. ஆனால் எதைத் திருத்துவது? வெள்ளைச் சேலை போனால் கதையின் பாதி போய்விடும். கடைசியில் அதைக் கொடியில் காயப் போட்டேன். ஞாயிறு உடுத்துத் தோய்த்த சேலை, வியாழன் காலை அவள் அதை எடுக்கப் போகும்போது சைரன். முந்தியதைவிட நன்றாக இருக்கிறது, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அச்சுப் பிரதிகளுக்கு ஒரு திருத்தச் சீட்டு அடித்து வந்தேன்.

ஏப்ரல் 9, புதன்

காலை ஏழு மணிக்கே பசையும் தூரிகையுமாக இருந்துவிட்டோம். மனுசி பக்கத்தை விரித்துப் பிடிக்க நான் ஒட்டினேன். முதல் இருபது கோணல். பசை காய்வதற்குள் மூடினால் 46உம் 47உம் ஒட்டிப் போகும், அதனால் வீடு முழுக்கப் புத்தகம் வாய் பிளந்து கிடக்கிறது. மத்தியானம் வரைக்கும் 130. திருத்தியதில் ஒன்றை மதுரைக்குப் பார்சல் கட்டினேன். முடிச்சு இன்னும் பழைய முடிச்சுத்தான், கை மறக்கவில்லை.

தபால் கந்தோருக்குப் புறப்படும்போது போன் அடித்தது. மதுரையிலிருந்து பதில்.

"ஐயா, கிழமை என்றால் உங்களுக்கு வாரமா? அப்படியென்றால் 63ஆம் பக்கத்தில் அவள் 'மூண்டு கிழமை' காத்திருப்பது இருபத்தொரு நாளா? நான் மூன்று நாள் என்று வாசித்துவிட்டேன். பாவம், நன்றாகவே அழட்டும். அந்த வரியை எடுத்துவிடுகிறேன். நட்சத்திரம் மூன்றுதான்."