தையில் தொடங்கினால்தான் சித்திரைக்கு

ஜனவரி 10, 2025
குழந்தைக்காகக் காத்திருந்து சித்திரைக்கு ஊர் வரும் சிங்கப்பூர், மலேசியாக்கார ஆண்கள் விந்தணுவுக்கான மருந்தை அங்கேயே, இப்போதே தொடங்க வேண்டும். விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள். முதிர்ந்து வெளிவர மேலும் ஒன்றிரண்டு வாரம். காரைக்குடியில் வந்து இறங்கிய பிறகு லேகியம் வாங்கினால், முப்பது நாள் விடுப்பில் ஒரு சுற்றுக்கூட முடியாது.

ஜனவரி 12
அமுக்கராக் (அசுவகந்தா) கிழங்குக்குப் பிட்டவியல், அதாவது பிட்டுப்போல ஆவியில் அவித்துச் சுத்தி செய்வது. மண்சட்டியில் பாதியளவுக்குப் பசும்பாலும் தண்ணீரும் சமமாக ஊற்றி, வாயில் துணியை இறுகக் கட்டி, அதன்மேல் பொடியைப் பரப்பி, இன்னொரு சட்டியைக் கவிழ்த்துச் சிறுதீயில் அவிக்க வேண்டும். தீ மிஞ்சினால் பால் பொங்கித் துணியை நனைக்கும். பொடி களியாகிப் புளித்துவிடும். அதைக் கொட்டிவிடுங்கள், காயவைத்துக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம். பக்குவமாக வெந்ததை வெயிலில் உலர்த்தி, இடித்து, சலிக்கவும். 2 கிராம், இருவேளை, சாப்பிட்டபின் இளஞ்சூடான பாலில். தைராய்டு, தூக்க மாத்திரை எடுப்பவர்களும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

ஜனவரி 19
பூனைக்காலி விதையைப் பாலில் வேகவைத்து, தோலுரித்து, காயவைத்துப் பொடிக்க வேண்டும். குழந்தையில்லாத ஆண்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராம், மூன்று மாதம் கொடுத்துப் பார்த்த ஆய்வில் மன அழுத்தம் தணிந்து விந்தணுவின் தரமும் கூடியது. சிறிய ஆய்வுதான். விதையில் நடுக்குவாத (பார்க்கின்சன்) மருந்தான லெவோடோபாவே இருப்பதால் அந்நோய்க்கு மருந்து எடுப்பவருக்கு ஆகாது.

ஜனவரி 27
மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் ஓயாமல் மிகுந்தால், மூளையிலிருந்து விரைகளைத் தூண்ட வரும் எல்.எச். ஹார்மோன் குறையும், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனும் தளரும். விடுப்பில் வந்தவரிடம் ஆச்சி, அயித்தை என ஆளாளுக்கு "இன்னும் விசேஷம் இல்லையா?" என்று கேட்பது கொடுமை. தயவுசெய்து கேட்காதீர்கள். மருந்தோடு ஏழு மணி நேரத் தூக்கமும் வேண்டும்.

விதைப்பைக்கு உடம்பைவிட இரண்டு மூன்று டிகிரி குறைந்த சூடுதான் தேவை. கல்யாண வீட்டுக் கோட்டை அடுப்பின்முன் நாள் முழுக்க நிற்கும் சமையல்காரர்கள் நடுநடுவே விலகி நிற்கட்டும். இறுக்கமான உள்ளாடை வேண்டாம்.

பிப்ரவரி 3
மருந்துக்கு முன்பே விந்துப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். 2 முதல் 7 நாள் உறவு தவிர்த்து, ஆய்வகத்திலேயே மாதிரி கொடுப்பது நல்லது. பள்ளத்தூர் போன்ற பக்கத்து ஊரிலிருந்து கொண்டுவந்தால் உடம்போடு ஒட்டி வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் சேர்க்கவும். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 அளவுப்படி மில்லிலிட்டருக்கு 1.6 கோடி அணுக்கள் கீழ்எல்லை. அண்மையில் கடும் காய்ச்சல் வந்திருந்தால் எண்ணிக்கை சரிந்திருக்கும்; மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். அணுவே இல்லையென்று வந்தால் மூலிகையோடு நாளைக் கடத்தாமல் சிறுநீரக, ஆண்மை நல மருத்துவரிடம் போங்கள். குழாய் அடைப்பைச் சூரணம் திறக்காது.