நிக்கல் முதலா, முத்திரை முதலா

மவுண்ட் ரோட்டை ஒட்டிய துப்பாக்கிக் கடை ஒன்றில், பட்டறைப் பக்கம்தான் எனக்கு வேலை. ரிப்பேருக்கு வருகிறவர்களைவிட "இது கம்பெனி பீஸ்தானா சார்?" என்று கேட்டு வருகிறவர்கள்தான் இப்போதெல்லாம் அதிகம். தாத்தாவோ மாமனாரோ விட்டுப்போன ரிவால்வரை லைசென்ஸோடு எடுத்து வருவார்கள். பெயர் மாற்ற மனு வேப்பேரி கமிஷனர் அலுவலகத்தில் இருக்கும். 2019இல் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. அதனால் எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுத்துவிடுவது என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். வெளிநாட்டு இறக்குமதி 1980களில் ஏறக்குறைய நின்றுபோனதிலிருந்து பழைய .32 (குழாயின் விட்டம், அங்குலத்தில்) ரிவால்வர்களின் விலை லட்சங்களில்தான் பேசப்படுகிறது. எனவே "ஆமாம் ஒரிஜினல்" என்று நான் வாய்தவறிச் சொல்லும் ஒரு வார்த்தைக்கும் பணமதிப்பு உண்டு.

கீழ்ப்பாக்கத்திலிருந்து ஒரு தம்பி தன் அம்மாவோடு வந்தார். அவர்கள் கொண்டுவந்த, ஸ்மித் அண்ட் வெஸன் என்ற அமெரிக்கக் கம்பெனியின் .32 ஹேண்ட் எஜெக்டர் ரிவால்வரைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். குட்டை பேரல், உடம்பு முழுக்க நிக்கல் முலாம், முத்துச்சிப்பிக் கைப்பிடி. கண்ணாடி மேஜை மேல் வைத்ததும் கடைப்பையன்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். நம் ஊரில் கைக்கு வருவது பெரும்பாலும் கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் .32, இல்லையென்றால் பிரிட்டிஷ் கம்பெனியான வெப்ளி. அமெரிக்க ரிவால்வர், அதிலும் நிக்கல், அதிலும் சிப்பிக் கைப்பிடி என்பது அரிது. தாத்தாவுக்கு ராயபுரத்தில் வீடு, துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் காண்டிராக்ட். அமெரிக்காவிலிருந்து பெட்டியில் இப்படியே வந்தது என்பது குடும்பத்தில் சொல்லப்பட்டு வரும் கதை. வாங்குவதாகச் சொன்னவர், தொழிற்சாலையிலிருந்து இதே கோலத்தில்தான் வந்தது என்று உறுதியானால் ஒரு விலை, இல்லையென்றால் வேறு விலை என்று சொல்லியிருந்தார்.

முதல் வேலை சிலிண்டரைத் திறந்து ஆறு அறையும் காலி என்று பார்ப்பது. அடுத்தது, துடைக்காமல் இருப்பது. பலர் கடைக்குக் கொண்டுவருமுன் பிராஸோ போட்டுப் பளபளவென்று தேய்த்துவிடுகிறார்கள். நல்லவேளையாக இதை யாரும் தேய்க்கவில்லை. உள் இயந்திரத்தை மூடும் பக்கத் தட்டான சைட் பிளேட்டில் உள்ள கம்பெனி முத்திரையின் பள்ளங்களிலும் ஸ்க்ரூக்களின் வெட்டுகளிலும் ஆயுத பூஜைச் சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. வருஷா வருஷம் வைத்த சந்தனம், குங்குமம். பக்தியோடு வைப்பதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. ஆனால் சந்தனம் ஈரத்தைப் பிடித்து வைக்கும், அடியில் இரும்பு புள்ளி புள்ளியாக அரிக்கும். பூஜை முடிந்த அன்றே துடைத்து எண்ணெய் போட்டுவிடுங்கள் என்று இந்த வேலையில் இருக்கும் யாரும் சொல்வார்கள். மரக்குச்சியும் கொஞ்சம் எண்ணெயும் வைத்து மெதுவாக எடுத்த பிறகுதான் எழுத்துகள் தெரிந்தன.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி, "அழகா இருக்கான்னு பாக்காதே. முதல்ல எது நடந்தது, அப்புறம் எது நடந்ததுன்னு பாரு" என்பார். ஒரு ரிவால்வர் மேல் பல கைகள் பட்டிருக்கும்: செய்தவர், சோதித்தவர், விற்றவர், வைத்திருந்தவர், பாலிஷ் போட்டவர். அதில் எது எதன் மேல் ஏறியிருக்கிறது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

நம்பரிலிருந்து தொடங்கினேன். அந்தக் காலத்து ஸ்மித் அண்ட் வெஸனில் சீரியல் நம்பர் கைப்பிடியின் அடித்தட்டில் இருக்கும். அதே நம்பர் சிலிண்டரின் பின்முகத்திலும், பேரலுக்கு அடியில், சுட்ட தோட்டாக்கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டர் ராடு படுத்திருக்கும் தட்டையான இடத்திலும் இருக்க வேண்டும். மூன்றும் ஒன்றாகவே இருந்தன. ஆனால் பழைய லைசென்ஸில் எழுதியிருந்தது வேறு நம்பர். அம்மாவின் முகம் மாறிவிட்டது. இது அடிக்கடி நடப்பதுதான். சிலிண்டரைத் தாங்கி வெளியே மடங்கும் கைக்கு யோக் என்று பெயர். அந்த மடிப்பில் வேறொரு சின்ன நம்பர் அடித்திருப்பார்கள். தொழிற்சாலையில் பாகங்களைப் பொருத்தும்போது கலந்துவிடாமல் இருக்கப் போட்ட நம்பர் அது. சிலிண்டரைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவதால் அதையே துப்பாக்கி நம்பர் என்று எழுதிவிடுகிறார்கள். இந்த லைசென்ஸிலும் அதுதான் ஏறியிருந்தது. இரண்டு இடத்தையும் போட்டோ எடுத்து மனுவோடு வைக்கச் சொன்னேன். வாரிசுப் பெயருக்கு மாற்றும்போதே இதைச் சரிசெய்துகொள்வது நல்லது. விற்கும் நேரத்தில் தெரிந்தால் எல்லாருக்கும் தலைவலி.

பேரல் விஷயம் சீக்கிரம் முடிந்தது. இந்த மாடலுக்கு 3¼, 4¼, 6 அங்குலம் என்பவை வழக்கமான அளவுகள். இது 3¼. நீளமான பேரலை யாராவது அறுத்துக் குட்டையாக்கியிருந்தால், மேலே அடித்திருக்கும் கம்பெனி விலாசம் ஒருபக்கமாகத் தள்ளி நிற்கும். முன் சைட்டும் புதிதாக ஒட்டியதாக இருக்கும். இதில் விலாசம் நடுவில், சைட் பேரலோடு பிறந்தது. சரி, பேரல் ஒரிஜினல்.

அப்புறம் ஹேமரும் டிரிகரும். ஸ்மித் அண்ட் வெஸன் நிக்கல் ரிவால்வரை அனுப்பும்போதும் இந்த இரண்டுக்கும் நிக்கல் போடமாட்டார்கள். மேல்பரப்பைச் சூட்டில் கடினமாக்கி, அதில் வரும் நீலமும் பழுப்பும் வைக்கோல் மஞ்சளுமான திட்டுகளை அப்படியே விட்டுவிடுவார்கள். வயதான துப்பாக்கியில் அந்த நிறம் மங்கிச் சாம்பலாகியிருக்கலாம், அது பரவாயில்லை. இதிலோ ஹேமரும் டிரிகரும் பேரலைப் போலவே பளபளத்தன. ஹேமரின் பக்கவாட்டில், உராயும் இடத்தில் நிக்கல் தேய்ந்து கோடு விழுந்திருந்தது. எனக்கு அங்கேயே சந்தேகம் வந்துவிட்டது. ஆனாலும் ஒரு சாட்சியை வைத்து எழுதிக் கொடுக்க முடியாது.

விஷயத்தைத் தீர்த்துவைத்தது லண்டன் முத்திரைதான். பிரிட்டனில் விற்கப்படும் துப்பாக்கியை, வழக்கத்தைவிட அதிக மருந்து போட்டுச் சுட்டுச் சோதித்து முத்திரை அடிக்க வேண்டும் என்பது சட்டம். அதைச் செய்யும் புரூஃப் ஹவுஸ்கள் லண்டனிலும் பர்மிங்ஹாமிலும் உண்டு. லண்டன் கன்மேக்கர்ஸ் கம்பெனிக்கு அரச சாசனம் கிடைத்தது 1637இல், பர்மிங்ஹாம் புரூஃப் ஹவுஸ் 1813இல் வந்தது. சென்னைக்கு வந்த அமெரிக்க ரிவால்வர்களில் லண்டன் வழியாக வந்தவற்றின் மேல் அந்த முத்திரைகளைப் பார்க்கலாம். பேரலில் ஒன்று, எல்லாவற்றையும் தாங்கும் உடற்பகுதியான பிரேமில் ஒன்று, சிலிண்டரில் ஒவ்வொரு அறைக்கும் ஒன்று. 1925 விதிகளுக்குப் பிறகு சோதிக்கப்பட்ட வெளிநாட்டுத் துப்பாக்கியில் 'நாட் இங்கிலீஷ் மேக்' (இங்கிலாந்தில் செய்ததல்ல) என்ற வரியும் சேரும். இதில் அந்த வரி இருந்தது. அப்படியானால் லண்டனில் இது சோதிக்கப்பட்டது 1925க்குப் பிறகு. வீட்டில் சொல்லும் கதையில் லண்டனே இல்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். தொழிற்சாலையிலேயே நிக்கல் போட்டிருந்தால், லண்டனில் முத்திரை விழுந்தது நிக்கலின் மேல். உளி இரும்பில் இறங்கும்போது எழுத்தைச் சுற்றி உலோகம் மேலே பிதுங்கி மெல்லிய வரம்பு எழும். நகத்தை வைத்து இழுத்தால் தட்டும். முலாமும் அந்த இடத்தில் நசுங்கி, ஓரம் உடைந்து நிற்கும். லென்ஸை வைத்து வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தேன். வரம்பே இல்லை. எழுத்தின் மூலைகள் உருண்டிருந்தன. நிக்கல் எங்கேயும் உடையாமல் மேலிருந்து வழிந்து பள்ளத்தின் அடிவரை போயிருந்தது. 'மேக்' என்ற சொல்லின் கடைசி எழுத்து பாதி மறைந்தேவிட்டது. முத்திரைக்குப் பிறகு யாரோ பாலிஷ் போடும் பஃப் சக்கரத்தில் கொடுத்து வழவழப்பாக்கி, அதன் மேல் முலாம் போட்டிருக்கிறார்கள். சைட் பிளேட்டும் அதையே சொன்னது. கம்பெனி வேலையில் பிளேட்டும் பிரேமும் சேரும் கோடு கண்ணுக்கே தெரியாத அளவுக்கு இறுக்கமாக இருக்கும். இங்கே கோட்டின் இரு கரையும் தேய்ந்து வாய்க்கால் விட்டிருந்தது, ஸ்க்ரூ துளைகளைச் சுற்றிலும் லேசான குழி.

ஆனால் ஒரு வழி மிச்சம் இருந்தது. ரிவால்வர் திரும்பவும் தொழிற்சாலைக்கே போய் அங்கே நிக்கல் போட்டு வந்திருக்கலாமே? அப்படிப் போய்வந்தால் அடித்தட்டில் சீரியல் நம்பரை ஒட்டி ஒரு நட்சத்திரம் அடிப்பார்கள், கைப்பிடியைக் கழற்றினால் இடதுபக்கச் சட்டத்தில் மாதமும் வருஷமும் இருக்கும். கழற்றிப் பார்த்தேன். நட்சத்திரமும் இல்லை, தேதியும் இல்லை. நிக்கல் என்று காட்டத் தொழிற்சாலையில் அடிக்கும் ஆங்கில 'N' எழுத்தும் எங்கேயும் இல்லை. அது இல்லாததை மட்டும் வைத்து நான் எதுவும் சொல்லியிருக்கமாட்டேன், மற்றவற்றோடு சேர்த்துப் பார்க்கும்போது பொருந்தியது.

சிப்பிக் கைப்பிடி உண்மையான சிப்பி, அதில் பதித்திருந்த சின்ன கம்பெனிப் பதக்கமும் உண்மைதான். ஆனால் சட்டத்தின் வளைவோடு அது சேரவில்லை, மேல் ஓரம் மயிரிழை தள்ளி நின்றது. கம்பெனிக் கைப்பிடிதான், இந்த ரிவால்வருக்காகச் சீவிப் பொருத்தியது இல்லை.

விசித்திரமாக இருக்கிறது என்பதாலேயே ஒன்றைப் போலி என்று தள்ளவும் கூடாது. ஒருமுறை ஒரு படைப்பிரிவின் மெஸ்ஸில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த இரண்டு பழைய ரிவால்வர்களைப் பார்த்துச் சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள். ஒன்று பிரிட்டிஷ் ரிவால்வரான என்ஃபீல்டு. அதன் ஹேமரில் கட்டைவிரல் வைக்கும் முள்ளே இல்லை. யாரோ அறுத்துவிட்டார்கள் என்று அங்கே எல்லாரும் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்கள். 1938இல் வந்த மாற்றத்தில் என்ஃபீல்டு தொழிற்சாலையே முள்ளில்லாத ஹேமரோடுதான் செய்தது. பக்கத்தில் இருந்த வெப்ளியைக் கண்ணாடி போலப் பளபளக்கிறது என்று பெருமையாகக் காட்டினார்கள். அதில் 'வார் ஃபினிஷ்' என்று அடித்திருந்தது. போர்க்கால அவசரத்தில் மேல்பரப்பைச் சொரசொரப்பாகவே விட்டு அனுப்புகிறோம் என்று கம்பெனியே போட்ட முத்திரை அது. அப்படியொரு துப்பாக்கி கண்ணாடியாக மின்னினால், பிறகு யாரோ தேய்த்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். குறை என்று நினைத்தது ஒரிஜினல், பெருமை என்று நினைத்தது பின்னால் வந்தது.

கீழ்ப்பாக்கத்துத் தம்பியிடம் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். "அப்போ டூப்ளிகேட்டா சார்?" என்றார். இந்தக் கேள்வி என்னை எப்போதும் சங்கடப்படுத்துகிறது. டூப்ளிகேட் இல்லை தம்பி, பேரலும் சிலிண்டரும் பிரேமும் ஒன்றாகப் பிறந்தவை, உள் வேலைப்பாடு அருமையாக இருக்கிறது, மேல்பூச்சும் கைப்பிடியும் மட்டும் பிறகு வந்தவை என்றேன். அம்மா அதுவரை பேசவில்லை. "ராயபுரம் வீட்டுல எதை வெச்சாலும் துருப்பிடிச்சுடும். கடல் காத்து. மாமா எல்லாத்துக்கும் முலாம் போட்டுடுவார், தையல் மெஷின் சக்கரத்துக்குக்கூட" என்றார். மாமனாரைத்தான் சொன்னார். கேட்டதும் எனக்கு மனசுக்குள் எல்லாம் ஒன்று சேர்ந்தது. ஆனாலும் அதை என் குறிப்பில் எழுதவில்லை. இரும்பில் என்ன இருக்கிறது என்பதற்கு மட்டும்தான் நான் கையெழுத்துப் போடலாம். முலாம் சென்னையில் ஏறியதா, லண்டன் கடையில் ஏறியதா என்று முத்திரையை வைத்துச் சொல்ல முடியாது.

ஸ்மித் அண்ட் வெஸன் ஹிஸ்டாரிக்கல் ஃபவுண்டேஷனுக்கு எழுதிக் கேட்கச் சொன்னேன். சீரியல் நம்பரும் படங்களும் கொடுத்துக் கட்டணம் கட்டினால் பழைய பேரேட்டைப் பார்த்துக் கடிதம் தருவார்கள். ராய் ஜின்க்ஸ் என்ற கம்பெனி வரலாற்றாசிரியர் பல பத்தாண்டுகள் இந்த வேலையைச் செய்தவர். எந்த நிறத்தில், எந்த நீளத்தில், என்ன கைப்பிடியோடு, யாருக்கு அனுப்பினார்கள் என்பது அதில் வரும். கிடங்கை விட்டுப் போன நாளோடு அந்தக் கடிதத்தின் அறிவு நின்றுவிடும். அதற்குப் பிறகு நடந்ததற்கு ரிவால்வரைத்தான் பார்க்க வேண்டும்.

கடிதம் வந்ததும் தம்பி எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். நீல ஃபினிஷ், 3¼ அங்குலம், கறுப்பு ஹார்ட் ரப்பர் கைப்பிடி, லண்டன் வியாபாரிக்கு அனுப்பியது. வாங்க வந்தவர் விலையைக் குறைத்தார். குடும்பம் ரிவால்வரை வைத்துக்கொண்டு, வீட்டில் இருந்த 12-போர் (12-bore) நீளத் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டது. அப்புறம் தம்பிக்கு ஒரு யோசனை. நிக்கலைச் சுரண்டிவிட்டு மறுபடி புளூயிங் (இரும்புக்கு நீல நிறம் ஏற்றுவது) செய்தால் பழையபடி ஆகிவிடுமே என்றார்.

வேண்டாம் என்றேன். முலாமை எடுத்தாலும் அடியில் இருக்கும் இரும்பை இன்னொரு முறை பஃப்பில் கொடுத்தால்தான் நீலம் சீராகப் பிடிக்கும். ஏற்கெனவே பாதி போன லண்டன் எழுத்து முழுசாகப் போய்விடும், சைட் பிளேட் வாய்க்கால் இன்னும் ஆழமாகும். கறுப்பு ரப்பர் கைப்பிடி எங்காவது கிடைத்தால் மாட்டிக்கொள்ளுங்கள், இரண்டு ஸ்க்ரூகூட இல்லை, ஒன்றுதான், எப்போது வேண்டுமானாலும் திருப்பி மாற்றலாம். சிப்பியைப் பழைய பருத்தித் துணியில் சுற்றித் தனியாக வையுங்கள். கடிதத்தையும் என் குறிப்பையும் லைசென்ஸ் நகலோடு ஒரே கவரில் போட்டு வையுங்கள் என்று சொல்லி, எண்ணெய் தடவிக் கையில் கொடுத்தேன்.