தொப்புளுக்கு நேராகவா, கீழேயா?

சிங்கப்பூரின் தேக்கா நிலையச் சந்தைக் கட்டடத்து மேல்மாடித் தையற்காரர், கால்சட்டை தைக்க அளவு நாடாவை என் இடுப்பெலும்பருகே பிடித்து, "இங்கேயா, தொப்புளுக்கு நேராகவா அண்ணே?" என்று கேட்டபோதுதான், நாற்பத்தைந்து வயதாகியும் இதற்கு என்னிடம் பதில் இல்லை என்பது உறைத்தது. அப்பா தொப்புளை மூடித்தான் கால்சட்டை அணிவார், நாங்கள் சிரிப்போம். ஆனால் விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, உடல் ஒடுங்கும் இடத்தில் நிற்கும் கால்சட்டையின் இடுப்புப்பட்டி எளிதில் நழுவுவதில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். தோள்வார் (சஸ்பெண்டர்) போட்டு அணிந்த காலத்தில் அந்த உயரமே வழக்கம். லீவைஸ் 501 ஜீன்ஸுக்கே பெல்ட் வளையங்கள் 1922இல்தான் வந்தன. தொந்திக்குக் கீழே மாட்டிக்கொண்டு, எம்ஆர்டி ரயிலில் ஒவ்வொரு நிலையத்திலும் மேலே இழுத்துவிட்டுக்கொள்பவர்களில் (நானும் ஒருவன்) அழகு எதையும் நான் கண்டதில்லை.

"நேராகவே வையுங்கள்" என்றேன். அவர் சிட்டையில் எழுதிக்கொண்டே, "அப்படியென்றால் பெல்ட் தேவைப்படாது" என்றார்.