மோர் வாசம்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், கவுண்டி என்று அங்கே சொல்லும் மாவட்டம் ஒன்றின் சிறிய ஜெயிலில் சில ஆண்டுகள் காவலராக இருந்தேன். அம்மாவிடம் சொன்னபோது, "வேற வேலையே கிடைக்கலையாடா?" என்றார். கவுண்டி ஜெயிலில் இருப்பவர்கள் வழக்கு முடியாதவர்களும், ஓராண்டுக்கு உட்பட்ட தண்டனைக்காரர்களும்தான். குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர்கள், சில்லறைத் திருட்டு, கைகலப்பு இப்படி.

விடிவதற்கு முன்பே காலைச் சாப்பாடு, நாலரைக்கெல்லாம் இரவுச் சாப்பாடு. நடுவில் தலையை எண்ணுவோம், மறுபடி எண்ணுவோம். நம் ஊரில் கம்பி எண்ணுவது என்பார்கள். இங்கே கம்பியை யாரும் எண்ணுவதில்லை, நாங்கள்தான் அவர்களை எண்ணிக்கொண்டிருந்தோம். ரொக்கம் கிடையாது என்பதால் ராமென் நூடுல்ஸ் பாக்கெட்தான் நாணயம். சீட்டாட்டத்தில் தோற்றவன் நூடுல்ஸ் கடன்காரன்.

என் பொழுது பெரும்பாலும் ஹியூபர் வாசலில் போனது. பகலில் வெளியே வேலைக்குப் போய், முடிந்ததும் ஜெயிலுக்குத் திரும்பும் ஏற்பாடு அது. 1913-ல் வந்த சட்டம், ஹென்றி ஹியூபர் என்ற மேலவை உறுப்பினரின் பெயரில். மத்திய அரசுச் சிறைகளுக்கு இப்படி ஒன்று வர 1965 ஆனது. படிக்கவும், வைத்தியத்துக்கும், வீட்டில் பிள்ளைகளைக் கவனிக்கவும்கூட அனுமதி உண்டு. புதிதாக வருகிறவனிடம் மற்றவர்கள் கேட்கும் முதல் கேள்வியே "ஹியூபர் கிடைச்சுதா?"தான்.

சம்பளத்தில் முதல் பிடித்தம் ஜெயில் சாப்பாட்டுக்கும் தங்கலுக்கும். அப்புறம் போக்குவரத்துச் செலவு, குடும்பம், கடன். மீதி விடுதலையாகும்போது கையில். அடைத்து வைத்ததற்கு வாடகை வாங்குவது எனக்குக் கடைசிவரை ஒட்டவில்லை.

சீஸ் ஆலைக்குப் போய்வந்த ஒருவர் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். திரும்பி வந்ததும் வாயை ஊதச் சொல்வேன், பைகளை வெளியே இழுத்துவிடச் சொல்வேன், பூட்ஸைக் கழற்றித் தட்டிப் பார்ப்பேன். நாளெல்லாம் ஈரத்தில் கிடந்த உள்ளங்கைகள் வெளுத்துச் சுருங்கியிருக்கும். அவர் மேல் வரும் புளித்த நெடியை மற்ற கைதிகள் கேலி செய்வார்கள். எனக்கு மட்டும் அது மோர் வாசம்.

ஜனவரியில், பனி கொட்டிய ஒரு மாலை, அவர் இருபது நிமிடம் தாமதமாக வந்தார். அடுத்த ஷிப்ட் ஆள் வராததால் மேஸ்திரி நிறுத்தி வைத்துவிட்டாராம். தாமதமானால் போன் செய்ய வேண்டும் என்பது விதி. இயந்திரத்தை விட்டு நகர முடியவில்லை என்றார். நான் நம்பினேன். நம்பிக்கொண்டேதான் அறிக்கையும் எழுதினேன். எழுதாமல் விட்டிருக்கலாம், பதிவேட்டில் வேறு நேரம் போட்டிருக்கலாம். ஆனால் வாசலில் கேமரா இருந்தது, எனக்கும் வேலை வேண்டியிருந்தது.

மூன்று நாள் வெளியே போகக்கூடாது என்று முடிவானது. அவர் சண்டை போடவில்லை. "நாளைக்கு வரமாட்டேன்னு ஆலைக்கு யாரு சொல்வா?" என்று மட்டும் கேட்டார். நானே போன் செய்தேன். எடுத்தவர், "சரி, வேற ஆளைப் பாத்துக்கறோம்" என்றார். அது மூன்று நாளுக்கு மட்டுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அந்த மூன்று நாளும் அவருடைய பூட்ஸ் லாக்கரில் கிடந்தது. மற்றவர்களுக்காகக் கதவைத் திறக்கும்போதெல்லாம் மோர் வாசம் வந்தது.