பார்த்தா தெரியும்

“நீங்க இதுல என்னென்ன பார்ப்பீங்கன்னு சொல்லிட்டா, அனுப்புறதுக்கு முன்னாடி நானே பார்த்துடுவேன்ல?”

எங்கள் வெப் டிசைன் ஏஜென்சியில் எந்த டிசைனும் என் ரிவ்யூ முடிந்துதான் வெளியே போகும். மறுநாள் காலையில் கிளையண்ட் கால். ரிவ்யூவுக்காக இரண்டு நாளுக்கு மேல் காத்திருந்த டிசைனர் கேட்டது இது. நான் சொன்ன பதில்: “பார்த்தா தெரியும்.”

கோபத்தில் சொல்லவில்லை. அலட்சியமாகவும் சொல்லவில்லை என்றுதான் இன்னும் நம்பப் பார்க்கிறேன். பக்கம் பக்கமாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு எது இடறும் என்று முன்கூட்டியே எழுதிவைக்க முடியாது. அந்த அளவில் அது பொய்யான பதில் இல்லை. ஆனால் கேட்டவர் என் கண்ணைக் கடன் கேட்கவில்லை. எதைத் தேடுகிறேன் என்று மட்டும்தான் கேட்டார். அதைச் சொல்ல எனக்கு ஒரு அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

என் பக்க நியாயத்தை முதலில் வைத்துவிடுகிறேன். டீமில் நாலு பேர் இருக்கும்போது, எந்த டிசைனும் ஒரே ஒருவர் பார்த்த பிறகுதான் வெளியே போகும் என்ற விதியில் தப்பே இல்லை. ஆளுக்கு வாரம் இரண்டு வேலை ரிவ்யூவுக்கு வரும் என்று வைப்போம். முதல் பார்வைக்கு அரை மணி, திருத்தி வந்ததும் இன்னொரு அரை மணி. மொத்தம் வாரம் 8 மணி நேரம். கிளையண்ட் கால், எஸ்டிமேட், இன்டர்வியூ எல்லாம் போக 40 மணி நேர வாரத்தில் ரிவ்யூவுக்கு 25 மணி நேரம் மிஞ்சும் என்றால், தாராளம்.

பன்னிரண்டு பேர் ஆனதும் அதே கணக்கு 24 மணி நேரம். 25-க்குள் அடங்கிவிட்டதே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வேலை சீராக வந்தால் அடங்கும். டிசைன் வேலை அப்படி வராது. திங்கட்கிழமை ஒன்றும் இருக்காது, கால் இருக்கும் நாளுக்கு முந்தின நாள் ஒன்பது வந்து நிற்கும். இப்படி ஒழுங்கில்லாமல் வரும் வேலைக்கு வரிசைக் கோட்பாட்டில் (வரிசையில் காத்திருப்பதைக் கணக்குப் போடும் கணிதம்) மிக எளிய ஒரு மாதிரி உண்டு. பார்ப்பவர் 80 சதவீதம் பிஸி என்றால் அவரிடம் சராசரியாக 4 வேலை தேங்கும். 90 என்றால் 9. 25-க்கு 24 என்பது 96 சதவீதம், தேங்குவது 24. நாலு பேர் காலத்தில் இதே கணக்கில் அரை வேலைகூடத் தேங்காது. ஆள் மூன்று மடங்குதான் ஆனது, தேக்கம் ஐம்பது மடங்கு.

காத்திருப்பு எவ்வளவு என்பதற்கு ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்த சூத்திரம் ஒன்று போதும்: தேங்கி நிற்கும் எண்ணிக்கையை, போய்க்கொண்டிருக்கும் வேகத்தால் வகுக்க வேண்டும். வாரத்துக்கு 48 பார்வை, தேக்கம் 24. அரை வாரம், அதாவது இரண்டரை வேலைநாள். அந்த டிசைனர் காத்திருந்ததும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அன்றைக்கு நான் அதை என் பிஸியாக மட்டும் பார்த்தேன். அந்தத் தாமதத்தை நான் போட்ட விதியே செய்துகொண்டிருந்தது என்று பிறகுதான் உறைத்தது.

இதற்கு எல்லோரும் முதலில் செய்வது இன்னொரு சீனியரை ரிவ்யூவுக்குப் போடுவது. தேக்கம் குறையும், மறுக்கவில்லை. கூடவே வேறொன்று முளைக்கும்: ஒரே பக்கத்துக்கு இரண்டு விதமான ஃபீட்பேக். ஒருவர் காற்றோட்டமாக இடம் விடச் சொல்வார், இன்னொருவர் முதல் திரையிலேயே எல்லாம் தெரிய வேண்டும் என்பார். இரண்டிரண்டு பேராக எண்ணினால் நாலு பேருக்கு நடுவில் பேச்சுவழி 6. பன்னிரண்டு பேருக்கு 66. ஆள் கூடினால் பேச்சுவழி இப்படிப் பெருகும் என்று ஃப்ரெட் புரூக்ஸ் 1975-ல் சாஃப்ட்வேர் வேலையைப் பற்றிச் சொன்னது டிசைனுக்கு அச்சு அசலாகப் பொருந்தும். எழுதாத விதி அந்த 66 வழியிலும் கொஞ்சம் கொஞ்சம் மாறித்தான் போய்ச் சேரும்.

ஆக, கேள்விக்குத் திரும்ப வேண்டியதாகிறது. நான் அப்படி என்னதான் பார்த்துக்கொண்டிருந்தேன்? பழைய ஃபைல்களில் போட்ட கமெண்ட்டுகளை எல்லாம் ஒரு ஷீட்டில் கொட்டிப் பிரித்தால் தெரிந்துவிடும். எந்த ஏஜென்சியிலும் ஒருநாள் வேலைதான் இது. மூன்று குவியலாக விழும்.

முதல் குவியல், அளந்து சொல்லக்கூடியவை. சாம்பல் எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பின்னணியில் #777777 நிறம் தரும் வேறுபாட்டு விகிதம் (எழுத்து பின்னணியிலிருந்து எவ்வளவு பிரிந்து தெரிகிறது என்ற அளவு) 4.48. அணுகல்தன்மைக்கான, அதாவது மாற்றுத்திறனாளிகளும் தளத்தைப் பயன்படுத்துவதற்கான, டபிள்யூசிஏஜி விதி சாதாரண அளவு எழுத்துக்குக் கேட்பது 4.5. தோற்றுவிட்டது. ஒரே ஒரு படி கறுப்பாக்கி #767676 வைத்தால் 4.54, பாஸ். இந்த வித்தியாசம் எந்தக் கண்ணுக்கும் தெரியாது, என் கண்ணுக்கும்தான். இதைப் பிடிப்பதற்கு ப்ளக்இன் இருக்கிறது. அதற்காக ஒருவர் இரண்டரை நாள் காத்திருக்க வேண்டியதில்லை. விரல் படும் இடம் குறைந்தது 24-க்கு 24 பிக்சல் என்பது அதே விதியின் 2023-ல் வந்த 2.2 பதிப்பில் சேர்ந்தது. இடைவெளி 8-ன் மடங்கில் இருக்கிறதா, 320 பிக்சல் அகலத்தில் பக்கம் உடைகிறதா, ஃபோகஸ் நிலை (கீபோர்டில் நகரும்போது எதில் நிற்கிறோம் என்று காட்டும் தோற்றம்) வரைந்திருக்கிறதா, எல்லாமே இந்த ரகம்.

இதில் அடிக்கடி மாட்டுவது கார்டு, அதாவது ஒரு பொருளின் படம், பெயர், விலை அடங்கிய பெட்டி. டிசைனர் அனுப்பும் கார்டில் பொருளின் பெயர் மூன்று சொல்லில் இருக்கும், ஒரே வரியில் அழகாக உட்காரும். படம் பளிச்சென்று, நடுவில். நாலு கார்டும் ஒரே உயரம். நிஜத் தரவு வந்து விழுந்ததும் ஒரு பெயர் 70 எழுத்து, இரண்டாவது வரியிலும் அடங்காமல் மூன்றாவதுக்கு ஓடும். இன்னொன்றுக்குப் படமே இல்லை. மூன்றாவதில் தள்ளுபடி விலை, பழைய விலை, “இருப்பில் இல்லை” மூன்றும் ஒரே வரிசைக்குச் சண்டை போடும். நாலாவது கார்டில் மதிப்பீட்டு நட்சத்திரம் காலி, அந்த இடத்தில் ஒரு பள்ளம். வரிசையில் வாங்கு பட்டன்கள் படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கும். டெவலப்பர் இதைப் பார்த்துவிட்டு அவருக்குத் தோன்றியபடி வெட்டுவார், பெரும்பாலும் மூன்று புள்ளி வைத்து. எந்த டிசைனரும் வரையாத அந்த மூன்று புள்ளியைத்தான் வாடிக்கையாளர் தினமும் பார்ப்பார். தடுக்க வழி சிறியது: கிளையண்டிடம் வடிவமைப்பு தொடங்கும் முன்பே இருபது நிஜப் பெயர் வாங்கி, அதில் மிக நீளமானதையும் மிகக் குட்டையானதையும் கார்டில் போட்டுப் பார்ப்பது. லோரம் இப்சம் (இடம் நிரப்பப் போடும் பொருளற்ற வாசகம்) போட்ட ஃபைல் ரிவ்யூவுக்கே வரக் கூடாது.

இரண்டாவது குவியல் எனக்குச் சங்கடம் தருவது. “இந்த கிளையண்டுக்குக் கறுப்புப் பின்னணி ஆகாது.” “அவங்க லீகல் டீம் ‘சிறந்த’ங்கிற சொல்லை விடாது.” “போன வருஷம் ஸ்லைடர் வெச்சு எடுக்கச் சொன்னாங்க.” இதில் திறமை எங்கே இருக்கிறது? நான் இருந்த மீட்டிங்கில் அந்த டிசைனர் இல்லை, அவ்வளவுதான். ஒரு ப்ராஜெக்டுக்கு ஒரு பக்க முடிவுப் பதிவு இருந்தால் (தேதி, என்ன முடிவு, யார் சொன்னது, ஏன்) இந்தக் குவியல் முழுவதும் கரைந்துவிடும். வாரம் பத்து நிமிடம். அந்தப் பதிவை நான் ஆரம்பிக்காததற்கு நேரமில்லை என்று காரணம் சொல்லிவந்தேன். எழுதாமல் வைத்திருந்ததில் ஒரு சௌகரியமும் இருந்ததோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. தகவல் ஒருவர் தலைக்குள் மட்டும் இருந்தால், எல்லோரும் அவரிடம் வந்துதானே ஆக வேண்டும்.

மூன்றாவது குவியல்தான் “பார்த்தா தெரியும்” ரகம். ஒரே பக்கத்தில் இரண்டு விஷயம் ஒரே குரலில் கத்துகிறது. எது முக்கியம் என்று தெரியவில்லை. எல்லாம் சரியாக இருந்தும் பக்கம் செத்துக் கிடக்கிறது. இது உண்மையிலேயே உண்டு. ஆனால் நான் பெருமையாக நினைத்திருந்ததைவிட அந்தக் குவியல் சின்னது.

முதல் குவியலை லைப்ரரி (பட்டன், கார்டு மாதிரித் தயார் பாகங்களின் தொகுப்பு) விழுங்கிவிடும் என்று பலர் நம்புவார்கள். ஓரளவுக்கு விழுங்கும். ஒரு பட்டனுக்கு 3 வகை, 3 அளவு, 6 நிலை என்றால் 54 வடிவம். ஒருமுறை ஒழுங்காகச் செய்துவிட்டால் யாரும் ஃபோகஸ் நிலையை மறக்க வழியில்லை. சொந்தமாக ஒரே ப்ராடக்ட் செய்யும் கம்பெனிக்கு இது சுலபம். ஏஜென்சியில் ஒவ்வொரு கிளையண்டுக்கும் வேறு நிறம், வேறு எழுத்துரு, வேறு குணம். ஒரு கிளையண்டின் லைப்ரரியை அப்படியே அடுத்தவருக்கு மாற்றினால் எல்லாத் தளமும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். எலும்புக்கூட்டைத்தான் பொதுவாக வைக்க முடியும்: அமைப்பு, நிலைகள், இடைவெளி, பெயரிடும் முறை. டோக்கனுக்கு, அதாவது பல இடத்தில் பயன்படும் ஒரு நிறத்துக்கு, ‘நீலம்-500’ என்று பெயர் வைத்தால் அடுத்த கிளையண்ட் சிவப்பு கேட்ட அன்றே செத்துவிடும். ‘முதன்மைச் செயல்’, ‘எச்சரிக்கைப் பின்னணி’ என்று வேலையைச் சொல்லும் பெயர் தாங்கும்.

லைப்ரரி கெட்டுப்போவதும் எப்போதும் ஒரே வழியில்தான். ஒரு ஐகான் இடது பக்கம் வேண்டும், லைப்ரரியில் இல்லை, டெட்லைன் நாளைக்கு. ஃபிக்மா என்ற டிசைன் மென்பொருளில், லைப்ரரிப் பட்டனின் பிரதியை டிடாச் செய்துவிடுவார்கள், அதாவது லைப்ரரியிலிருந்து கழற்றிவிடுவார்கள். அந்த நிமிடம் முதல் அது தனிப் பட்டன். லைப்ரரியில் என்ன திருத்தினாலும் அதற்குப் போகாது. மூன்று மாதம் கழித்து டெவலப்பர் வந்து, “இதுல மூணு விதமான 14 பிக்சல் எழுத்து இருக்கு, எது சரி?” என்பார். டிடாச் செய்யாதே என்று விதி போட்டுப் பயனில்லை. லைப்ரரிக்கு ஒரு பொறுப்பாளரும், வாரத்தில் அவருக்கு அரைநாளும் வேண்டும். அந்த அரைநாள் எந்த கிளையண்ட் பில்லிலும் ஏறாது என்பதால் நெருக்கடி வந்தால் முதலில் வெட்டப்படுவது அதுதான். ரிவ்யூ நேரமும் அப்படியே. எஸ்டிமேட்டில் தனி வரியாக இல்லாத எந்த வேலையும் ராத்திரியில்தான் நடக்கும்.

பிறகு செய்த மாற்றம் எளிது. முடிந்த டிசைனை ஒருமுறை பார்ப்பதற்குப் பதிலாக மூன்று குட்டிப் பார்வை. முதலாவது, நிஜ வாசகம் போட்ட சாம்பல் பெட்டிகள். 15 நிமிடம், நிறம் பற்றிப் பேசத் தடை. (இந்தத் தடையை முதலில் மீறுவது சீனியர்கள்தான். நானும்தான்.) இரண்டாவது, முழுதாக முடித்த ஒரே ஒரு பக்கம். மூன்றாவது, டெவலப்பரிடம் ஹேண்ட்ஓவர் செய்வதற்கு முன், வேறு ப்ராஜெக்டில் இருக்கும் ஒருவர், எதைப் பார்க்க வேண்டும் என்று எழுதிய பட்டியலை வைத்துக்கொண்டு. ஜூனியர் சீனியருடையதைப் பார்த்தால் “நல்லா இருக்கு” என்று முடித்துவிடுவார். அதனால் பார்ப்பவர் ஒரு கேள்வியாவது எழுதியே ஆக வேண்டும் என்று வைத்தோம். பட்டியல் முதலில் 40 வரி இருந்தது. 40 வரியை யாரும் படிப்பதில்லை, மேலிருந்து கீழே டிக் அடித்துக்கொண்டே போவார்கள். பன்னிரண்டாகக் குறைத்த பிறகுதான் யாராவது ஒரு வரியில் நின்று “இது இல்லையே” என்று சொன்னார்கள்.

தேக்கம் குறைந்தது. அதோடு முடிந்தது என்றால் நிம்மதியாக இருக்கும். ஆனால் பட்டியல் வந்த பிறகு, அத்தனை வரியும் பாஸ் ஆன, எந்தக் குறையும் சொல்ல முடியாத, ஒருவருக்கும் நினைவில் நிற்காத பக்கங்கள் முன்பைவிட அதிகம் போகின்றன என்று எனக்குப் படுகிறது. படுகிறது என்றுதான் சொல்ல முடியும். இதை அளக்க ப்ளக்இன் இல்லை. முன்பும் இதே அளவு போயிருக்கலாம், என் கை பட்டதால் எனக்கு நன்றாகத் தெரிந்திருக்கலாம். அல்லது என் பதிலில் கொஞ்சம் நியாயம் இருந்திருக்கலாம். சில நாள் ஒன்று சரியாகத் தோன்றும், சில நாள் மற்றது.

கேட்டவரிடம் பிறகு பட்டியலைக் கொடுத்தேன். வாசித்துவிட்டு, “இவ்வளவுதானா?” என்றார். ஏமாற்றமா கிண்டலா என்று குரலை வைத்துப் பிடிபடவில்லை. நானும் கேட்கவில்லை.

அவருக்காகத்தான் பன்னிரண்டாவது வரியை அன்றைக்குக் காலியாக்கினேன். பட்டியலில் இல்லாத ஏதாவது கண்ணில் இடறினால் பார்ப்பவர் அங்கே எழுத வேண்டும். வரும் ஃபைல்களில் பெரும்பாலும் அந்த வரி காலியாகவே இருக்கிறது. இடற ஒன்றுமில்லையா, யாரும் தேடவில்லையா என்பது, அந்த ஃபைலை நானே திறந்து பார்த்தால் ஒழியத் தெரியாது. சில வியாழக்கிழமைகளில் திறந்தும் பார்க்கிறேன், யாரிடமும் சொல்லாமல்.